கடைசியாக வருபவருக்கும் ஓய்வு
(ஆசிரியர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீலகிரி மலையில் நான்கு நாள் சைக்கிளில் சுற்றி வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்த இடங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. உங்களில் பலர் சுற்றுலாப் பேருந்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்த இடங்கள்தான் அவை. மலையேறும் குழு யாருடைய வேகத்தில் போக வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுந்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் 11 பேர் புறப்பட்டோம். தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை எல்லா நிலையிலிருந்தும் ஆசிரியர்கள் இருந்தார்கள். மூவர் பெண்கள். இளையவருக்கு வயது 29, மூத்தவருக்கு 54. முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, இரண்டாம் நாள் கட்டபெட்டு வழியாக உதகை, மூன்றாம் நாள் முத்தோரை பாலாடா, எமரால்டு பக்கம் போய்த் திரும்புவது, நான்காம் நாள் குன்னூர், பர்லியார் வழியாக மீண்டும் மேட்டுப்பாளையம். இதுதான் திட்டம். மே மாதத்தில் இந்தச் சாலைகளில் சைக்கிளுக்கு இடமே இருக்காது, அவ்வளவு வாகனங்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் மண்சரிவு பயம். டிசம்பர் கடைசியில் குளிர் கடுமைதான், ஆனாலும் அந்த நேரம்தான் எங்களுக்கு ஒத்துவந்தது.

ஏற்றம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். கோத்தகிரி அதைவிட ஏறத்தாழ 1,500 மீட்டர் மேலே. சாலைத் தூரம் 33 கி.மீ. அதாவது சராசரியாக 22 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிறோம். நீலகிரி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவு வரை ஏறுகிறது. அதற்குப் பற்சக்கரமும் பல் தண்டவாளமும் வேண்டியிருக்கின்றன. 22க்கு 1 என்பது காகிதத்தில் சிறிய எண்ணாகத் தெரியும், தொடைக்கு அப்படித் தெரியாது. 60 கிலோ மனிதர், 15 கிலோ சைக்கிளும் பையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 மீட்டர் ஏறுவதற்குப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் ஜூல். இயற்பியல் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கிறவர்கள், அவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

மலையில் போகும் குழுவுக்குக் கடைசிக் காவல் என்று ஒருவர் வேண்டும். அவருக்குப் பின்னால் குழுவில் யாரும் இருக்கக் கூடாது. பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்பு, முதலுதவிப் பை எல்லாம் அவரிடம்தான் இருக்கும். அந்தப் பொறுப்பு என்னுடையது. அதனால் முன்னால் போனவர்கள் எந்த வளைவில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பின்னால் நடந்தது தெரியும்.

5 கி.மீ.க்கு ஒருமுறை எல்லோரும் நின்று சேர்ந்து போவது என்று பேசியிருந்தோம். முன்னால் போனவர் எங்கள் பி.டி. சார். மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஏறினார். கடைசியில் வந்தவர் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. அவருக்கு 5 கி.மீ. கடக்க ஏறத்தாழ 55 நிமிடம் ஆனது. பி.டி. சாருக்கு 33 நிமிடம். டீச்சர் வந்து சேரும்போது முன்னால் வந்தவர்கள் வேர்வை காய்ந்து, கடலைமிட்டாய் தின்று, புகைப்படம் எடுத்து முடித்திருப்பார்கள். "வந்துட்டாங்க, கிளம்பலாம்" என்று சைக்கிளை எடுப்பார்கள். டீச்சர் தண்ணீர் குடித்து மூடியைத் திருகுவதற்குள் குழு புறப்பட்டிருக்கும்.

மூன்றாவது நிறுத்தத்தில் டீச்சர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைப்பையிலிருந்து சிறிய நோட்டு ஒன்றை எடுத்தார். வழியில் பார்க்கும் பூக்களின் பெயரைக் குறித்துக்கொள்ள வைத்திருந்தது அது. அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்னால் வந்தவருக்கு 25 நிமிட ஓய்வு, தனக்கு 3 நிமிடம். மூன்று நிறுத்தத்தில் அவர்களுக்கு 75, தனக்கு 9. "எனக்குப் பலம் குறைவுங்க சார், ஒத்துக்கறேன். ஆனா பலம் இருக்கறவங்களுக்கு ஓய்வும் அதிகம், இல்லாதவங்களுக்கு அதுவும் இல்லைன்னா, நான் எந்தக் காலத்துல மேல வந்து சேர்றது?" என்று கேட்டார். அடுத்த பேருந்தில் சைக்கிளை ஏற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் உறைத்தது.

பி.டி. சார் ஒன்று சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது. வேர்த்த உடம்போடு குளிரில் அரை மணி நேரம் நின்றால் தசை இறுகிவிடும், மறுபடி மிதிப்பது கடினம், வேகமாகப் போகிறவரைக் கட்டி வைப்பதும் தண்டனைதான் என்றார். சாலையோரத்தில் நின்றுகொண்டே பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே தொடங்கும், 15 நிமிடம். ஓய்வு முடிவதற்கு முன்பே, விருப்பப்பட்டால், கடைசி ஆள் முதலில் கிளம்பலாம். வேகமாக வந்தவர்கள் நின்றுகொண்டிருக்க வேண்டாம், திரும்பிக் கீழே இறங்கி வந்து பின்னால் வருபவரோடு சேர்ந்து மறுபடி ஏறலாம். பி.டி. சார் அன்று 33 கி.மீ. சாலையை 45 கி.மீ.யாக ஓட்டினார், சந்தோஷமாக. கோத்தகிரி போய்ச் சேர நினைத்ததைவிட முக்கால் மணி நேரம் அதிகமானது. மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. டீச்சர் சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார்.

மறுநாள் கட்டபெட்டில் தேநீர் குடிக்கும்போது டீச்சர் வேறொன்று சொன்னார். "எங்க ஸ்கூல்ல மூணாம் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா சார். அவளுக்கு இடைவேளையே இல்ல. எழுதி முடிச்சவங்க விளையாடப் போகலாம்னு சொல்றாங்க. அவ முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடும். நேத்து அந்த மூணாவது வளைவுலதான் அவ நினைப்பு வந்துச்சு."

மேசையைச் சுற்றி யாரும் உடனே பேசவில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தது. தேர்வு நேரத்தில் விளையாட்டுப் பாடவேளையை இழக்கும் பிள்ளை, மதிய உணவு முடிந்ததும் வீட்டுப்பாடம் எழுத உட்கார வைக்கப்படும் பிள்ளை. எல்லோரும் மெதுவாக எழுதுகிறவர்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். அது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. ஆனால் பாடத்தை நிலைக்கு ஏற்பப் பிரித்தால் மட்டும் நேரமும் தானாகப் பிரிந்துவிடாது. அரும்பு நிலைப் பிள்ளைக்கு மணி அடித்ததும் வெளியே போகும் உரிமை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

பள்ளி திறந்த பிறகு டீச்சரைப் பார்த்தேன். இப்போது மணி அடித்தால் அந்தப் பெண் மற்றவர்களோடு வெளியே போய்விடுகிறாள், முடித்தாலும் முடிக்காவிட்டாலும். மீதியை அடுத்த பாடவேளையில் ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். எழுத்து வேகம் கூடியிருக்கிறதா என்று கேட்டேன். "இன்னும் இல்ல சார். லீவு போடறது குறைஞ்சிருக்கு" என்றார்.

பயணத்தின் நடு நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏற்றம், பிறகு உதகைக்கு இறக்கம். உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் 93க்கு அருகிலேயே கொதித்துவிடும். அறிவியல் ஆசிரியை ஒருவர் வெப்பமானி கொண்டுவந்து தங்கிய இடத்துச் சமையலறையில் சோதித்துப் பார்த்தார். சமையல்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முத்தோரை பாலாடா பக்கம் மலைச்சரிவு முழுக்கக் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. சமவெளிப் பள்ளிகளில் புவியியல் நடத்துகிறவர்கள் படிக்கட்டு முறை வேளாண்மையை இங்கே பார்த்துவிட்டு நடத்தினால் பாடம் வேறு மாதிரி இருக்கும்.

நான்காம் நாள் இறக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏறுவது கஷ்டம், இறங்குவது ஆபத்து. மேலே ஏறச் செலவழித்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போக வேண்டும். கொஞ்சம் காற்றுத் தடையில் போகும், மீதி பிரேக்கில் வெப்பமாக மாறும். ரிம்மை அழுத்தும் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் அளவுக்குப் போகலாம். முன் பின் இரண்டையும் சேர்த்து, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்க வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கை இறுக்கக் கூடாது. குன்னூரிலிருந்து இறங்கும்போது நான்கு முறை நின்று ரிம் ஆறும்வரை காத்திருந்தோம். அந்த நாளில் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு ஓய்வு. பர்லியாரில் நின்று பழம் வாங்கினோம். அடிவாரத்தில் கல்லாறு பகுதி யானைகள் கடக்கும் இடம். அதனால்தான் ஏறும்போதும் இறங்கும்போதும் நல்ல பகல் வெளிச்சம் இருக்கும் நேரத்தையே வைத்துக்கொண்டோம்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளில் இப்படி அழைத்துப் போகலாமா என்று இரண்டு தலைமையாசிரியர்கள் என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தச் சைக்கிளில் கியர் கிடையாது. பள்ளிக்கு வந்துபோகத் தரப்பட்டது, 1,500 மீட்டர் இறக்கத்துக்கு அல்ல. பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் முதலில் சமவெளியில், 15 கி.மீ.க்குள், பெற்றோர் சம்மதக் கடிதத்தோடு, போக்குவரத்து குறைந்த கிராமச் சாலையில். ஓர் ஏரியைச் சுற்றி வரலாம், ஓர் ஊரின் பழைய கோயிலுக்குப் போய்க் கல்வெட்டைப் பார்க்கலாம். புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு சைக்கிளிலும் பிரேக் கட்டை, செயின், இரு சக்கரங்களிலும் காற்று மூன்றையும் பிள்ளைகளே ஒருவர் சைக்கிளை ஒருவர் மாற்றிச் சோதிக்கட்டும். முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர். பின்னால் வருபவரிடம் ஒரு கைக்கடிகாரம் இருக்கட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசிப் பிள்ளை வந்து இறங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பத்து நிமிடம் எண்ணட்டும்.

சைக்கிளைப் பற்றி வேறு ஏதாவது கேட்க வேண்டுமானால் உணவு இடைவேளையில் கேளுங்கள். இந்தக் கூட்டத்துக்கு நான் வந்த சைக்கிள் வாசலில்தான் நிற்கிறது. ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓட்டிப் பார்க்கலாம்.