நாய்க்கடியும் நஷ்டஈடும்



கம்பம் பள்ளத்தாக்கில் நாலு பேர் கூடினால் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றியும், திராட்சை, ஏலக்காய் விலையைப் பற்றியும் பேச்சு நடப்பது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைவிடச் சிறியதாகத் தோன்றலாம். நாயால் கடிபட்டவருக்குச் சட்டம் என்ன வழி காட்டுகிறது என்பதே அது. விடியுமுன் மடை திறக்கச் செல்பவர், திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கச் செல்பவர், மலைத்தோட்டத்து ஜீப்புக்காக இருட்டில் சாலையோரம் நிற்கும் பெண்கள், பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள் ஆகியோருக்கு இது சிறிய விஷயம் அன்று. கடிபட்ட கூலிக்காரர் ஊசிக்காக நான்கு முறை ஆஸ்பத்திரிக்குச் சென்றால் நான்கு நாள் கூலி போயிற்று. அதைக் கேட்பதற்கு ஓர் இடம் உண்டென்று பலரும் அறியார். “நாயோடு என்ன வழக்கு?” என்று விட்டுவிடுகிறார்கள். வழக்கு நாயின்மேல் போடுவதில்லை. அதைக் கட்டிக் காக்கக் கடமைப்பட்டவர்மேல்தான் போடுவது.

சட்டத்துக்கு முன்னே உயிர். கடிவாயைச் சோப்பிட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்புதல் கூடாது. வெறிநோய்க் குறி தலைகாட்டிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குன்னூரில் 1907ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் ஏற்பட்ட காலந்தொட்டு நெடுநாள் வயிற்றைச் சுற்றிப் போடப்பட்டுவந்த ஊசியை நினைத்து இன்றும் சில முதியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த ஊசி ஒழிந்து இருபது ஆண்டுகள் ஆயின. இப்போது தோள்பட்டையில், தோலுக்குள் சிறிதளவே மருந்து ஏற்றுகிறார்கள். கடிபட்ட நாளிலும், அதன்பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆழமாயிருந்தால் கடிவாயிலேயே வேறொரு மருந்தையும் செலுத்த வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இவற்றுக்குக் காசு இல்லை.

அங்கே தரும் சீட்டு இருக்கிறதே, அதுதான் வழக்கின் முதல் சாட்சி. அதில் ‘நாய்க்கடி’ என்ற சொல்லும், தேதியும், காயம் எங்கே, எத்தனை, எவ்வளவு ஆழம் என்பதும், வளர்ப்பு நாயா தெரு நாயா என்பதும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். இல்லையேல் மருத்துவரிடம் பணிவாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். காயத்தின் புகைப்படம், பஸ் டிக்கெட், வாங்கிய மருந்தின் ரசீது, கூலி போனதற்கு மேஸ்திரியின் எழுத்து ஆகியவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்கவேண்டும். நல்ல நியாயம் உள்ளவர்களும் இந்தப் பை இல்லாமையால் தோற்றுப்போகிறார்கள்.

கடித்தது வளர்ப்பு நாயானால் வழி நேரானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் சட்டத்தின் 291ஆம் பிரிவு, தம் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றிருந்தும் தக்க காவல் செய்யாதவரைக் குற்றவாளி என்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் இந்த அபராதம் ஆயிரம் ரூபாயாகவே இருந்தது. ‘வசமுள்ள’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். “அது என் நாய் அல்ல, தோட்டத்தில் தானாக வந்து கிடக்கிறது” என்று சொல்லித் தப்பிப்பது எளிதன்று. நாள்தோறும் சோறு வைத்து, இரவில் காவலுக்கு அவிழ்த்துவிடும் நாய் அவர் வசமுள்ள நாயே என்று வாதிக்க இடமுண்டு.

குற்ற வழக்கு தண்டனைக்கானது. அதிலேயே பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தரும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம் என்றாலும், முழு நஷ்டத்தையும் பெறுவதற்குச் சிவில் நீதிமன்றத்தில் தாவா தொடுப்பதே முறை. அந்த நாய் முன்னரே ஒருவரைக் கடித்திருந்தது, அல்லது பாய்ந்து துரத்தும் சுபாவமுள்ளது என்று உடையவர் அறிந்திருந்தார் எனக் காட்டினால் தாவா வலுப்பெறும்.

ஊருக்குள் இவ்விஷயம் பெரும்பாலும் ஐந்நூறு ரூபாயோடு முடிந்துவிடுகிறது. சமரசத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் நான்காவது ஊசி போடுமுன் “இனி ஒன்றும் கேட்பதற்கில்லை” என்று கைநாட்டு வைப்பது பேதைமை. சமரசம் எழுத்தில் இருக்கட்டும். மேற்கொண்டு வைத்தியச் செலவு வந்தால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் கடிபடுவது கேரளத்து எல்லையில். வீடு திரும்புவது தமிழ்நாட்டுக்கு. “அங்கே நடந்ததற்கு இங்கே எப்படிப் பிராது எழுதுவது?” என்று காவல் நிலையத்தில் கேட்கக்கூடும். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதே புதிய குற்றநடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. 291ஆம் பிரிவுக் குற்றம் அவ்வகையைச் சேர்ந்தது. பதிந்ததன் நகலை இலவசமாகத் தரவேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதிலும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம்.

இனித் தெரு நாய். இதுவே கடினமானது, ஏனெனில் அதற்கு உடையவர் இல்லை. ஆயினும் பொறுப்பு இல்லாமற் போகவில்லை. மத்திய அரசு 2023இல் வெளியிட்ட பிராணிப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், அவ்வாறு செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும், வெறிநோய் கண்டவற்றையும் அந்த ஐயமுள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் அப்படி விடலாகாது என்றும் கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7இல், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும் என்றும், அவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றும் கட்டளையிட்டது.

இக்கடமை தவறியதால் காயம் நேர்ந்தது என்று காட்டி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுச் செய்யலாம். எவ்வளவு கேட்பது? பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், ஒரு பல் பதிவுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்றும், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்றும் கணக்கு வகுத்தது. மலைக்கு அப்பால் கேரளத்தில், உச்ச நீதிமன்றம் 2016இல் அமைத்த நீதிபதி சிரி ஜகன் குழு தெருநாய்க் கடிக்கான மனுக்களை விசாரித்து நஷ்டஈட்டைப் பரிந்துரைத்தது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தமாட்டா. ஆனால் எடுத்துக்காட்டி வாதிக்கத் தக்கவை. சிவில் தாவாவானால் காலவரையறையில் ஜாக்கிரதை வேண்டும். பொதுவாக மூன்றாண்டு உண்டு எனினும், சட்டக் கடமையைச் செய்யத் தவறியதற்காகக் கேட்கும் நஷ்டஈட்டுக்கு ஓராண்டே கெடு என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். ஆகவே ஓராண்டுக்குள் தொடுப்பதே பத்திரம்.

இந்த வழக்குகளில் நீதிமன்றம் கேட்கக்கூடிய முதல் கேள்வி, “ஆபத்து இருப்பது உள்ளாட்சிக்குத் தெரியுமா?” என்பது. வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். இவ்விடத்தில் ஊராட்சியினரிடமே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. முத்திரை போட்டுக் கொடுத்தால் நம்மீதே சாட்சியம் ஆகிவிடும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. நம் கருத்து இதற்கு நேர்மாறானது. மனு வந்த நாள், கால்நடை மருத்துவருக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் எழுதிய நாள், தடுப்பூசி முகாம் நடத்திய நாள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்த ஊராட்சிக்கு அப்பதிவேடே கேடயம். ஒன்றும் எழுதாத ஊராட்சி, ஒன்றும் செய்யாத ஊராட்சி என்றே கருதப்படும். சிறிய ஊராட்சிக்குக் கருத்தடை நிலையம் கட்டப் பணம் ஏது என்பீர்கள். உண்மைதான். ஆனால் வளர்ப்பு நாய்களுக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டிக் கால்நடைத் துறையை அழைத்து ஊசி போடச் செய்ய அதிகச் செலவில்லை. ஊராரின் கோபத்துக்கு அஞ்சி விஷம் வைக்கும் யோசனைக்கு மட்டும் யாரும் இணங்க வேண்டாம். பிராணியைக் கொல்வது 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

ஆண்டிபட்டி, வருஷநாட்டுப் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருப்போர் தங்களைப் பற்றியும் கேட்பார்கள். காங்கேயம் பகுதி விவசாயிகள், இரவில் நாய்கள் புகுந்து கொன்ற ஆடுகளைச் சாலையில் கிடத்திப் போராடியதன்பின், 2025இல் தமிழ்நாடு அரசு இவ்வகை இழப்புக்கு ஆடு ஒன்றுக்கு 6,000 ரூபாய் என அறிவித்தது. இறந்த ஆட்டை அவசரப்பட்டுப் புதைத்துவிடாமல், கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் அன்றே எழுதித் தரவேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்போருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் உதவுகிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீலைக் கோரலாம். மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு. லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணையமும், உத்தமபாளையம், பெரியகுளம் நீதிமன்றங்களில் வட்டக் குழுக்களும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். போகும்போது மேலே சொன்ன பையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். மனு எழுதுவதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள்.