களத்துமேட்டில் நாமும் கூலியாளும் ஒரே பக்கம்

(லாஸ்பேட்டை விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பக்கமிருந்து வயல் வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. ஒரே ஒரு விஷயத்தைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

"ஆள் கிடைக்கலை, கிடைச்சாலும் கூலி கட்டுப்படியாகலை." டீக்கடையில் நாம் பேசுகிற பேச்சு இதுதானே? கோபமெல்லாம் கூலியாள் மேலே போகிறது. அது சரியான இடமா என்று யோசியுங்கள்.

ஆள் எங்கே போனார்கள்? இந்த லாஸ்பேட்டையிலேயே பாருங்க. எங்கே கட்டடம் எழும்பினாலும் கிராமத்து ஆட்கள் நிற்கிறார்கள். நாற்று நட்ட கை இங்கே செங்கல் சுமக்கிறது. ஏன்? வயலில் நடவு சில நாள், களை சில நாள். அறுப்பை மெஷின் எடுத்துக்கொண்டது. அறுத்து, கட்டுத் தூக்கி, களத்தில் அடித்து, தூற்றி, கூலிநெல் வாங்கிப்போன குடும்பத்துக்கு அந்த நெல்லும் போச்சு. மீதி நாளைக்கு அடுப்பு எப்படிங்க எரியும்?

கூலிநெல்லுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கு. தஞ்சைப் பண்ணையாட்கள் சவுக்கடியும் சாணிப்பாலும் பட்டு, சங்கம் கட்டிப் போராடித்தான் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியை உயர்த்திக் கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை ஒரே குடிசையில் எரித்தார்கள். 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. உயிர் கொடுத்து வாங்கின கூலி அது. அதை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை.

சரி, ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற நாம் அந்தப் பண்ணையாரா? இல்லை. நம் வேலை முடிந்தால் நாமும் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுக்க சாகுபடியாளர் சுமார் 11.9 கோடி, விவசாயத் தொழிலாளர் சுமார் 14.4 கோடி. நிலம் கையை விட்டுப்போனால் நாமும் அந்தக் கணக்கில்தான் சேருவோம்.

கூலி கொடுக்க முடியாததற்குக் காரணம் விலை. 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். செலவுக்கு மேல் பாதி சேர்த்துக் கொடுக்கிறோம் என்கிறார்கள். அந்தச் செலவில் கைக்காசும் வீட்டு ஆள் உழைப்பும் மட்டும்தான் சேரும். சொந்த நிலத்துக்கான குத்தகை மதிப்பும், போட்ட முதலுக்கான வட்டியும் முழுசாகச் சேராது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடு என்பதுதான் நம் சண்டை. அந்த விலையும் வியாபாரியிடம் நமக்குக் கிடைக்கிறதா?

ஆகவே நாம் கேட்பது:

1. முழுச் செலவுக்கு மேல் பாதி சேர்த்து நெல்லுக்கு விலை வேண்டும்.
2. அறுப்பு நேரத்தில் கிராமத்திலேயே கொள்முதல், உடனே பணம்.
3. வயல் வேலை இல்லாத மாதங்களில் ஏரி, வாய்க்கால் தூர்வாரும் வேலையை உள்ளூர் ஆட்களுக்கே கொடுக்க வேண்டும்.

நாலாவது, அரசாங்கத்துக்கு இல்லை, நமக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்று 1976-லேயே சட்டம் வந்தாச்சு. ஒரே வேலை செய்கிற அம்மாவுக்கு ஏன் குறைத்துக் கொடுக்கணும்? கூலியை அன்றைக்குச் சாயங்காலமே கொடுங்க. நாளைக்கு வா என்று சொல்லாதீங்க. நாம் அதைச் செய்தால் நம் போராட்டத்துக்கு அவர்கள் வருவார்கள். விலை கேட்கிறவனும் கூலி கேட்கிறவனும் சேர்ந்து நின்றால்தான் கோட்டையில் காது கேட்கும்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!