நீர்க்கூரையின் கீழ் ஒரு பொய் ஈ

இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன் ஆற்றங்கரைக்கு விடுமுறையில் செல்லும் நேயர்கள், மாலை வேளையில் ஒரு காட்சியைக் காணக்கூடும். டிரௌட் மீன்கள் அடுத்தடுத்து மேலெழும். நீரில் வட்ட வட்டமாய் அலை விரியும். தூண்டிற்காரரோ மிதக்கும் பொய் ஈயை அவற்றின் எதிரே விட்டவண்ணம் இருப்பார்; ஒரு மீனும் ஏறிட்டுப் பாராது. (இம்மீன்களும் நம்மைப்போல் வேற்றிடத்திலிருந்து வந்து குடியேறியவையே, ஆங்கிலேயர் காலத்தில் கொணரப்பட்டவை.)

காரணம் யாதெனில், மீன் அப்பொழுது உண்பது பறக்கும் ஈயை அன்று. மிட்ஜ் என்னும் பூச்சியினத்தில் நாம் இங்குக் கருதுவது கொசுவின் உருவுடையது; ஆனால் கடிக்காதது. அதன் புழு ஆற்றடியில் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, தோலுக்கடியில் சேரும் காற்றின் துணையால் மேலே வருகிறது. அத்துணைச் சிற்றுயிருக்கு நீர்ப்பரப்பு ஒரு கூரை போன்றது. முதுகு பிளந்து, சிறகோடு வெளிப்படும் வரை அது அக்கூரையின் கீழ்த் தொங்கியாக வேண்டும். தப்பி ஓடவும் இயலாது, பறக்கவும் இயலாது. மீன் காத்திருப்பது அச்சிறு பொழுதுக்கே. மீனின் முதுகும் வாலும் மட்டும் தோன்றி மறைந்து, நீர்க்குமிழி ஏதும் எஞ்சாவிடில், அது பரப்பின் கீழே உண்கிறது எனப் பெரும்பாலும் துணியலாம்.

இதற்கேற்ற ஈயைக் கட்ட 20-ஆம் எண் முள் போதும். எண் கூடக்கூட முள் சிறுக்கும். கறுப்பு நூலை மெலிதாகச் சுற்றி, அதன்மேல் நுண்ணிய வெள்ளிநிறக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றுக. மார்புக்கு மயிற்பீலியின் ஓரிழை. பூசையறையில் முருகன் படத்தருகே செருகிய பீலியில் ஓரிழை குறைந்தால் வீட்டார் அறியமாட்டார்! பின்னர், வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சூழ்ந்துள்ள மென்தூவியில் ஒரு சிறு கற்றையை முள்ளின் கண்ணருகே நிமிர்த்திக் கட்டுக. தூவி மிதக்கும், உடல் நீருக்குள் தொங்கும். இப்பொய்யின் உயிர்நிலை இதுவே. ஈ முழுவதற்கும் எண்ணெய் பூசி மிதக்கவிட்டால் பழைய ஏமாற்றமே மிஞ்சும்.

மீனுக்குச் சற்று மேலே எறிந்து, ஓட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வர விடுக. நூல் இழுத்தால் மீன் ஐயுறும். ஈ கண்ணுக்குப் புலப்படாதாகையால், இரண்டடி முன்னே பெரிய மிதவை ஈ ஒன்றைக் கட்டிக்கொள்வது நலம். அது அமிழ்ந்தவுடன் கோலை மெல்ல உயர்த்துக. வெடுக்கென்று இழுத்தால் மெல்லிழை அறும். இழை மெலிது என்று சொல்லி மீனை நெடுநேரம் அலையவிடுவதும் தகாது. மிகக் களைத்த மீன், ஆற்றில் திருப்பி விட்ட பின்னும் மடிந்துவிடக் கூடும்.

மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய, முட்டையிடும் காலமாதலால், அங்கு டிரௌட் பிடிக்கத் தடை உண்டு.