ஆற்றுப்படையும் நம் கால்களும்

 

பத்தாண்டு நிறைவு விழாவில் 'இலக்கியமும் இயற்கையும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணித்துள்ளீர்கள். கடல்போல் விரிந்த பொருள் இது. அக்கடலின் ஒரு சிறு துறையில் மட்டும் இறங்க விழைகிறேன். நடத்தல் என்பதே அத்துறை. மலை முகடு ஏறும் அருஞ்செயலை இங்குக் கருதவில்லை. காட்டோரத்து ஒற்றையடிப் பாதையிலும் வயல் வரப்பிலும் ஆற்றங்கரையிலும் எவரும் நடக்கக்கூடிய எளிய நடையையே கருதுகிறேன். பண்டைப் புலவர் நிலத்தைக் காலால் அறிந்தனர். அறிந்ததைப் பின்வருவோர்க்கு வழியாக உரைத்தனர். இவ்விரண்டும் நம் கவிதையில் அருகி வருகின்றன என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

'ஆறு' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நீரோடும் ஆற்றுக்கும் மனிதர் நடக்கும் வழிக்கும் தமிழில் ஒரே சொல். வழிப்படுத்துதலே ஆற்றுப்படுத்துதல். பரிசில் பெற்று மீள்பவர், வறுமையோடு எதிர்ப்படுபவர்க்குத் தாம் சென்று வந்த வழியைக் கூறி அனுப்பும் இத்துறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரை வைத்து வகுத்துரைக்கிறார். பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். நடப்பவர்க்காகப் பாடப்பெற்ற நூல்களை நமக்கு மீட்டுத் தந்தவரும் ஓயாது வழி நடந்தவரே என்பது நினைந்து இன்புறத்தக்கது.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் சிறுபாணனுக்கு அது காட்டும் வழி, கடற்கரையின் எயிற்பட்டினத்தில் தொடங்கி, முல்லை சார்ந்த வேலூரையும் மருதம் சார்ந்த ஆமூரையும் கடந்து, கிடங்கிலைச் சேர்கிறது. எயிற்பட்டினத்தை மரக்காணப் பகுதியென்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை அடுத்த ஊரென்றும் அறிஞர் கூறுவர். ஆக, நம் பெசன்ட் நகரிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் அவ்வழியின் தலைவாயிலை அடைந்துவிடலாம். நிலம் மாறுவதைப் புலவர் உணவாலும் காட்டுகிறார். நெய்தலில் சுட்ட மீன், முல்லையில் புளியிட்ட சோறு, மருதத்தில் வெண்சோற்றோடு நண்டு. திணை மாறியதை அப்பாணனின் நாவும் அறியும்.

மலைபடுகடாம் இன்னும் நுட்பமானது. செங்கண்மாவின் தலைவன் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்குப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் வழி சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும்; ஆகையால் விடிந்தபின் புறப்படுங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர். மரத்தின் பின்னே உடலை மறைத்துக்கொள்ளுங்கள். குளக்கரை வழுக்கும், கொடிகளைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு ஒருவரையொருவர் காத்துச் செல்லுங்கள். சேயாறு தென்பட்டதும் அதன் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு நடவுங்கள். இவை அறையில் அமர்ந்து புனைந்த வருணனைகள் என்று எனக்குத் தோன்றவில்லை. வழுக்கி விழுந்தவர்க்கே எந்தக் கரை வழுக்கும் என்பது தெரியும்.

அந்நூலில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது ஒரு சிறு குறிப்பு. வழி பிரியும் இடத்திற்கு வந்தால், செல்லும் வழி இதுவென்று பின்வருவோர் அறியும்படி, அங்குள்ள புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கிறார் புலவர். தமக்கு வழி தெரிந்துவிட்டது என்று அக்கூத்தர் விரைந்து போய்விடலாகாது. பின்னே எவரோ வருகிறார். அவர் யார் என்பது தெரியாது. எனினும் அவருக்காக ஒரு நொடி குனிய வேண்டும். கல்வெட்டும் வழிகாட்டிப் பலகையும் செய்யும் பணியை ஒரு பிடிப் புல் செய்கிறது.

சிலப்பதிகாரத்திலும் இந்நடை உண்டு. 'நாடுகாண் காதை', 'காடுகாண் காதை' என்னும் பெயர்களே நம் பொருளைச் சொல்லிவிடுகின்றன. சற்றுத் தொலைவு நடந்ததுமே மதுரை எதுவென்று கண்ணகி வினவுகிறாள். நாளொன்றுக்கு ஒரு காதத்திற்கு மேல் அவர்கள் நடப்பதில்லை. காதத்தின் அளவு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அது மெல்ல நடந்த நடை என்பதில் ஐயமில்லை. சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும் என்றும், வயல் வழியே சென்றால் நண்டையும் நத்தையையும் மிதித்துவிட நேரும் என்றும் கவுந்தியடிகள் எச்சரிக்கிறார். முதல் எச்சரிக்கை நடப்பவரின் நலத்திற்கு. இரண்டாவது காலடியில் கிடக்கும் உயிரின் நலத்திற்கு. அடிகள் சமணத் துறவி என்பதை அறிவோம். எனினும் எச்சமயத்தார்க்கும் பொருந்தும் நடையறம் இது.

நடந்தவர்களின் கால்களையும் புலவர்கள் மறக்கவில்லை. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய மூன்றும் வழிநடந்து வருந்திய பெண்ணின் சிறிய அடிக்கு ஓடி இளைத்த நாயின் நாவை உவமையாக்குகின்றன. மரபாகிவிட்ட உவமை எனலாம். ஆனால் மரபாவதற்கு முன் எவரோ ஒருவர் மரநிழலில் அமர்ந்து, சிவந்து துவண்ட அவ்வடியையும் அருகே நாவைத் தொங்கவிட்டுக் கிடந்த நாயையும் ஒருசேரக் கண்டிருக்க வேண்டும். தாமரையையும் அனிச்சத்தையும் ஏட்டிலிருந்தே எடுக்கலாம். இதனை எடுக்க இயலாது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பாணரும் விறலியரும் இன்பத்திற்காக நடந்தவர் அல்லர். பசி அவர்களை நடத்தியது. இன்றும் நாற்று நடச் செல்லும் பெண்ணுக்கு வரப்பு என்பது உலாவும் இடமன்று. ஓய்வு கிடைத்த நாம் நடக்கப் புகும்போது, அவ்வழியில் உழைப்புக்காக நடப்பவர்க்கு ஒதுங்கி இடம் விடும் பணிவு வேண்டும். அப்பணிவில்லாத இயற்கைப் பாடல் வெறும் வேடிக்கையாகிவிடும்.

திணை என்பது புலவர் மரபேயன்றி நிலவியல் அன்று, ஆதலால் நடந்து அறிய வேண்டியதில்லை என்று வாதிடுவோர் உண்டு. மரபென்பதை நானும் உடன்படுகிறேன். என் முனைவர் பட்டத்திற்காகப் பயின்ற காலம் முதல் மாணவியர்க்கு அவ்வாறே உரைத்தும் வருகிறேன். ஆனால் கலங்கலையும் மதகையும் பார்த்திராத மாணவிக்கு மருதத்திணை என்பது தேர்வுக்குரிய பட்டியலாகவே நின்றுவிடுகிறது. ஏரிக்கரையில் ஒரு காலை நடந்து வந்தவள், அடுத்த நாள் வகுப்பில் உரையாசிரியரை இடைமறித்துக் கேள்வி கேட்கிறாள். மரபுக்கு உயிர் தருவது அக்கேள்வியே.

இனி நம் ஊருக்கு வருவோம். இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக வாசிக்கப்பெற்ற கவிதைகள் பலவற்றில் ஆறு ஓடுகிறது. உரிமையோடு ஒன்று சொல்லலாமா? அவற்றுள் பெரும்பாலான ஆறுகளுக்குப் பெயர் இல்லை; கரையும் இல்லை. நம் வீட்டருகே கடல் சேரும் அடையாற்றுக்கோ இரண்டும் உண்டு. ஆதனூர் ஏரிப் பகுதியில் தோன்றி ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி வருவது அது. அதன் வடிநிலத்தில் நிற்கும் திருநீர்மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்து இறைவனைக் கண்டார் என்பது வழிவழி வரும் செய்தி. 2015-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்தில் அவ்வாறு தன் பழைய இடத்தைத் தானே வந்து கேட்டது. மேட்டு நிலமெது, தாழ்நிலமெது என்பதை நாம் அன்று அச்சத்தோடு கற்றோம். கரையோரம் நடக்கும் வழக்கம் நமக்கு இருந்திருப்பின் அதனை அமைதியாகவே கற்றிருக்கலாம்.

எளிய நடைக்கு நம்மைச் சுற்றி இடமில்லை என்பார்க்கு விடை கூறுவேன். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றுக்கு வந்த பிரம்மஞான சபையின் தோட்டம் நகரத்து நடுவே நிற்கும் சிறு காடு. குறித்த நேரங்களில் அதனுள் நடக்கலாம். அங்குள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரம் 1989-ஆம் ஆண்டுப் புயற்காற்றில் சாய்ந்தது. தாய்மரம் வீழ்ந்தபின்னும் விழுதுகள் மரங்களாக நிற்பதை இலக்கிய வட்டத்தார் சென்று காண்பது நன்று. ஆற்றின் வடபால், 2011-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அடையாற்றுப் பூங்காவுக்குத் தொல்காப்பியர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. திணை வகுத்தவர் பெயரால் அமைந்த உப்பங்கழி உலகில் வேறெங்கு உண்டு?

கழிமுகத்தில், 1967-ஆம் ஆண்டு கட்டப்பெற்று 1977-இல் இடிந்த உடைந்த பாலம் நிற்கிறது. கோடையில் மணல் திரண்டு முகத்துவாரத்தை அடைப்பதையும், மழைக்கால வெள்ளம் அதனை உடைத்துக் கடல் புகுவதையும் ஊரூர்க் குப்பத்து மீனவர் நன்கறிவர். அவர்களை நாம் வினவ வேண்டும். மாணவர் அமைப்பொன்று 1988-ஆம் ஆண்டு முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் மணலில் நடந்து, ஆமை முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது. முட்டையிட வரும் அவ்வினத்திற்குத் தமிழில் பங்குனி ஆமை என்று பெயர். ஒரு திங்களின் பெயரை உயிருக்குச் சூட்டியவர்கள் கரையில் நடந்து பார்த்தவர்களாகவே இருத்தல் வேண்டும்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் ஒரு காலையில் நாம் சேர்ந்து நடப்போம். முதலில் கழிமுகம், அடுத்து ஆலமரத் தோட்டம், பின்னர்த் திருநீர்மலை, அதன்பின் ஆதனூர் ஏரிக்கரை. கால் பழகியபின் ஓராண்டில் சிறுபாணன் வழியின் ஒரு பகுதியையேனும் நடந்து பார்க்கலாம். தனியே செல்லத் தயங்கும் மகளிர் நம்மில் பலர். விறலியர்க்கென ஓர் ஆற்றுப்படை வகுத்த மொழியில், பெண்கள் கூடி நடப்பதற்கு எவரும் புதிதாக இலக்கணம் எழுத வேண்டியதில்லை. முதியோர் வரும் நாளில் ஒரு காதத்தைக் கால் காதமாக்கிக்கொள்வோம்.

ஒவ்வொரு நடைக்குப் பின்னும் ஒருவர் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பதும் என் விருப்பம். கவிதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குடிநீர் எங்கே கிடைக்கும், நிழல் எங்கே உண்டு, எந்த வரப்பு வழுக்கும், வழி கேட்டால் முகமலர்ந்து சொல்பவர் எவர், எந்தப் பறவை எந்தத் திங்களில் வந்திருந்தது, சென்ற ஆண்டு இருந்த எந்தக் குளம் இவ்வாண்டு இல்லை என்பனவற்றை உள்ளவாறே எழுதினால் போதும். அப்பக்கங்களைத் தொகுத்தால் அதுவே நம் காலத்து ஆற்றுப்படை. மறைந்துகொண்டிருக்கும் வழிகளுக்கு அது சான்றாகவும் நிற்கும். நடப்பாரற்ற பாதையை முதலில் புல் மூடும். பிறகு வேலி மூடும். அதன்பின் அப்படி ஒரு பாதை இருந்ததென்று சொல்ல ஊரில் எவரும் இரார்.

நாம் எழுதும் கவிதை நிலைக்குமோ நிலைக்காதோ, அறியோம். பின்வருவோர்க்காக ஒரு பிடிப் புல்லை முடிந்து வைப்பது எவர்க்கும் இயலும். அவ்வெளிய செயலுக்கு இவ்வட்டம் துணை நிற்குமாக.