பாத்திரமறிந்து சமையுங்கள்

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பர். பாத்திரமறிந்து சமையுங்கள் என்பேன் நான்.

மாணவர்களே! பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரையடுத்த அனுப்பர்பாளையம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். செம்பு, எவர்சில்வரைக் காட்டிலும் 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பித்தளையும் எவர்சில்வரை விஞ்சும். ஆதலின் சூடு ஓரிடத்தில் தங்காது பரவும். பொங்கல் எளிதில் அடிபிடியாது.

ஆயினும் புளிப்புப் பட்டால் செம்பு கரைந்து உணவிற் கலக்கும். களிம்பேறியது என்று நாம் சொல்வது இதனையே. அதனைத் தடுக்கவே உட்புறம் வெள்ளீயம் பூசுகின்றனர். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். எனவே வெறும் பாத்திரத்தை அடுப்பிலேற்றலாகாது. காரீயமோ நஞ்சு, அதனைப் பூச இசையாதீர்கள்.

என் இளமையில், பூச்சுத் தேய்ந்த பித்தளைக் குண்டாவில் வைத்த புளிக்குழம்பை உண்டு வீட்டில் ஐவர் வாந்தியெடுத்தோம். தந்தையார் குண்டாவை விற்றுவிடச் சொன்னார். "குற்றம் குண்டாவினுடையதன்று, பூச்சைப் பாராத என்னுடையது" என்றார் அன்னையார். மறுவாரம் ஈயம் பூசப்பெற்று அதே குண்டாவில் பொங்கல் வெந்தது. அதன் சுவை இன்றும் நாவில் நிற்கிறது.

ஆதலின் விலையையும் பளபளப்பையும் மட்டும் பாராதீர்கள். புளிக்குழம்புக்கு எவர்சில்வர், தோசைக்கு இரும்புக்கல், பொங்கலுக்கு ஈயம் பூசிய பித்தளை எனப் பயனறிந்து வாங்குங்கள், வாங்கியதைப் பேணுங்கள்.