அண்மையிற் கேட்ட இசைத்தட்டுகள்

அண்மையில் எந்த நூலைப் படித்தீர்கள் என்று ஒருவரையொருவர் வினவுவது நம்மிடையே வழக்கம். எந்த இசைத்தட்டைக் கேட்டீர்கள் என்று வினவுவோர் மிகச் சிலரே. நூல் என்றால் அமர்ந்திருந்து படிக்கவேண்டிய பொருள். இசையோ நாம் வேறு வேலை செய்யும்பொழுது காதில் வந்து விழுந்துகொண்டிருக்கும் ஒன்று என எண்ணிப் பழகிவிட்டோம். இன்று நான் உங்களோடு பேச விரும்புவது, கடந்த சில மாதங்களில் மற்றொருவரோடு அமர்ந்து, தொடக்கம் முதல் முடிவுவரை கேட்ட நான்கு இசைத்தட்டுகளைப் பற்றியே. நான் சங்கீத வித்துவானல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். கேட்பதொன்றே எனக்குத் தெரிந்த சங்கீதம் என்று சொல்லிக்கொள்வேன். அதுவும் சரிவரத் தெரியாது என்பதை இந்த வயதிலேதான் அறிந்துகொண்டேன்.

என் தந்தையாரும் ஆசிரியரே. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் முதன்முதலாகக் கிராமபோன் வாங்கியவர் அவர். பெட்டியின் பக்கத்திலே கைப்பிடியைச் செருகிச் சாவி கொடுக்கவேண்டும். தட்டுக்குத் தட்டு ஊசியை மாற்றவேண்டும். தட்டுகளோ அரக்குக் கலந்து செய்தவை. கைதவறினால் ஓடுபோல உடைந்துவிடும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். பெரிய தட்டாயின் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேற்படும். அந்த மூன்று நிமிடத்தைக் கேட்பதற்காக அயலவர்கள் பொழுதுபட்டதும் வந்து எங்கள் விறாந்தையில் அமர்ந்துவிடுவார்கள்.

தந்தையார் ஒரு கொப்பியிலே கோடிட்டு நான்கு நிரல்கள் வகுத்திருந்தார். முதலாவது திகதி; இரண்டாவது தட்டு; மூன்றாவது கேட்டோர்; நான்காவது குறிப்பு. "தோடி நாகசுரம். கீழ்வீட்டார் மூவர், தபாற்காரர், கோவில் ஐயர். மழை. இருமுறை போட்டோம்." இவ்வாறு பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். எதற்காகக் கேட்டவர்களை எழுதுகின்றீர்கள் என்று சிறுவனாக இருந்தபொழுது ஒருமுறை கேட்டேன். "தட்டு என்னுடையது, கேட்டது அவர்களும்தானே" என்றார். அதன் பொருள் எனக்கு அப்பொழுது விளங்கவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபொழுது நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். இரும்புப் பெட்டி நிறைய இருந்த தட்டுகளைச் சுமப்பது எங்ஙனம்? தந்தையார் கொப்பியை மட்டும் மடியிற் செருகிக்கொண்டார். பின்னர் ஊருக்குத் திரும்பியபொழுது வீடு இருந்தது, பெட்டி இல்லை. அவர் அதைக் குறித்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் காலமான பின்பு கொப்பி என்னிடம் வந்தது. நானும் கொழும்புக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே என் அடுத்த வீட்டிலிருப்பவர் ஒரு பறங்கியர். புகையிரதப் பகுதியில் இயந்திரச் சாரதியாக வேலைசெய்து ஓய்வுபெற்றவர். காங்கேசன்துறைவரை பல்லாண்டுகள் வண்டி ஓட்டியவராகையால் நன்றாகத் தமிழ் பேசுவார். அவருடைய உடன்பிறந்தார் அனைவரும் அவுஸ்திரேலியாவிற் குடியேறிவிட்டனர். அவர்கள் வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகளும், மூன்று வேகங்களிலும் சுழலவல்ல ஒரு பழைய கருவியும் மட்டும் இவரிடம் தங்கிவிட்டன. ஒருநாள் வேலியோரத்தில் நின்று பேசும்பொழுது என் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "மாஸ்டர், உங்களிடம் கேட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன, தட்டுகள் இல்லை. என்னிடம் தட்டுகள் இருக்கின்றன, கூட இருந்து கேட்க ஆளில்லை" என்றார். சனிக்கிழமைதோறும் மாலையில் ஒரு தட்டு. ஒருமுறை அவருடைய தெரிவு, மறுமுறை என்னுடையது. முடியும்வரை எழுந்து போகக்கூடாது. இப்படியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

முதல் மாலை என்னுடையது. பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் தேடிப் பெற்ற, திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியைக் கொண்டுசென்றேன். 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அம்மேதையைப் பற்றி நான் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் அன்று என் நண்பருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முன்னாளில் வழங்கிய திமிரி நாகசுரம் குட்டையானது, உயர்ந்த சுருதி உடையது என்றேன். நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைத்திறத்தாலும் பிள்ளையவர்களின் முயற்சியாலுமே நீண்டதும் தாழ்ந்த சுருதியுடையதுமான பாரி நாகசுரம் நிலைபெற்றது என்றேன். தோடி எட்டாவது மேளம் என்றேன். அதன் கமகங்களைப் பாடியுங் காட்டினேன். கோவில் வீதியில் மணிக்கணக்காக விரியும் ஓர் இராகத்தை நிமிடக்கணக்கிற் சுருக்குவது எத்துணை அரிய செயல் என்பதையும் விளக்கினேன். ஒரு மணிநேரம் சென்றது. பின்பு தட்டை வைத்தேன். சில நிமிடங்களில் அது முடிந்தது. நண்பர் மிகுந்த மரியாதையோடு, "பாட்டு எப்பொழுது தொடங்கும், மாஸ்டர்?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். மனத்துள்ளே எனக்குக் கோபம்.

அடுத்த சனிக்கிழமை அவர் வைத்தது, பாப்லோ காசல்ஸ் என்னும் கற்றலோனிய வித்துவான் செல்லோவில் வாசித்த பாக்கின் தனி இசைக்கோவைகள். செல்லோ என்பது வயலின் இனத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம். நிலத்திலூன்றி, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பார்கள். நண்பர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. பக்கவாத்தியம் இல்லை, தாளக்கருவி இல்லை, சுருதி மீட்டுவாரும் இல்லை. மாணவன் ஒருவன் சரளிவரிசை சாதகம் பண்ணுவதுபோல எனக்குத் தோன்றிற்று. சுவரிலே பல்லியொன்று பூச்சியை அணுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் "நல்லது" என்றேன். அந்த ஒரு சொல்லின் வெறுமை அவருக்கு விளங்கிவிட்டது. இருவரும் தேநீர் அருந்தினோம். வெயிலின் கடுமையைப் பற்றிப் பேசினோம்.

ஒப்பந்தம் அன்றோடு முறிந்திருக்கும். அதைக் காத்தது மூன்றாவது தட்டு. அஃது அவருடைய தமையனார் விட்டுச்சென்றது. நாங்கள் இருவருமே கேட்டிராதது. அலி அக்பர் கான் 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்றபொழுது பதிவுசெய்த சரோட் இசை. நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேகால் சுற்று என்று சொல்லிவிடக்கூடாது, முப்பத்துமூன்றும் மூன்றிலொரு பங்கும் சுழலும் நீண்டநேரத் தட்டு 1948இல் வந்தது. அதன் பின்பு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலாகத் தடையின்றி இசைக்க வழி பிறந்தது. மேலைநாட்டில் நம்மவர் சாஸ்திரிய சங்கீதத்தை இவ்வகைத் தட்டில் முதன்முதல் வெளியிட்டது இதுவே. ஒரு பக்கத்தில் சிந்துபைரவி; மறுபக்கத்தில் பீலு; தபேலா வாசித்தவர் சதுர் லால். வயலின் மேதை யெஹுடி மெனுஹின் தொடக்கத்திலே தமது குரலில் ஓர் அறிமுகம் செய்கின்றார். வாத்தியங்கள் இன்னவை, இராகம் இன்னது என்று சுருக்கமாகச் சொல்லி, விருந்தினனை வாயிலிலே வரவேற்று உள்ளே அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிவிடுகின்றார். அவருக்குத் தெரிந்ததில் நூறிலொரு பங்குதானும் அங்கே சொல்லப்படவில்லை. அதைக் கேட்டபொழுது முதல் மாலையில் நான் ஆற்றிய பிரசங்கம் என் நினைவுக்கு வந்தது. நண்பருக்குத் தோடியைக் கொடுக்க நான் போகவில்லை. தோடியைப் பற்றி எனக்குள்ள அறிவைக் காட்டவே போயிருந்தேன்.

நான்காவது மாலை 1963இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். இம்முறை தட்டின் பெயரை மட்டுமே சொன்னேன். சிறிது நேரத்தில் நண்பர் நிமிர்ந்து அமர்ந்தார். கோவில் ஒலிபெருக்கியிலே முப்பது ஆண்டுகளாக விடியற்காலையில் தாம் கேட்டுவருவது இதுவே என்றும், இஃது இன்னதென்று ஒருநாளாவது ஒருவரையும் கேட்கத் தோன்றவில்லை என்றும் சொல்லி வெட்கப்பட்டார். வெட்கப்படவேண்டியவன் நானேயாவேன். சுப்ரபாதம், தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் என்னும் நான்கு பகுதிகளில் மொத்தம் எழுபது சுலோகங்கள். பாதியிற் குளிக்கவோ பால் வாங்கவோ எழுந்து போகாமல் அவ்வெழுபதையும் நான் இருந்து கேட்டது அன்றுதான். உடன்பாடும் இராதாவின் குரல் எங்கே இணைகின்றது, எங்கே மூத்தவர் குரல் தனித்து எழுகின்றது என்பதையெல்லாம் அன்றே கவனித்தேன். தினமும் காதில் விழுந்ததைக் கேட்டதாக நம்பி ஒரு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டேன்.

அதன் பின்பு பழைய தட்டுகள் இரண்டுக்கும் மீண்டோம். தோடியை ஒரு சொல்லும் சொல்லாமல் வைத்தேன். முடிந்ததும் நண்பர் மறுமுறையும் வைக்கச் சொன்னார். பின்பு சொன்னார்: "இரவில் ஆனையிறவுப் பக்கம் வண்டி போகும்பொழுது வெகுதூரத்தில் ஒரு விளக்குத் தெரியும். நேரான பாதை. எவ்வளவு ஓடினாலும் அந்த விளக்கு அங்கேயே நிற்பதுபோலிருக்கும். திடீரென்று பார்த்தால் நாம் அதன் அடியில் இருப்போம். இவர் மேலே ஒரு சுரத்தை அப்படித்தான் வைத்திருக்கிறார்." மேல் ஷட்ஜத்தை அணுகியும் அணுகாமலும் நின்று, பின்பு அதிலே சென்று நிலைப்பதை எத்தனையோ பேர் விளக்கக் கேட்டிருக்கின்றேன். இதைப்போல ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. எட்டாவது மேளம் என்பதை அறியாத ஒருவரிடமிருந்து நான் தோடியைக் கற்றேன்.

காசல்சையும் மறுபடி வைக்கச் சொன்னேன். சாதகம் என்று நான் எண்ணியது உண்மையில் ஒரு வகை ஆலாபனை. ஒரே வில்லானது கீழ்த்தந்தியைத் தொட்டுவிட்டு மேலே செல்கின்றது. கீழே விட்ட சுரம் காதினுள்ளே ஒலித்துக்கொண்டிருக்க, மேலே மற்றொரு குரல் அதனோடு உரையாடுகின்றது. இல்லாத சுருதியைக் கேட்பவனே தன் செவியில் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கின்றது. பின்னர் நண்பர் வரலாற்றைச் சொன்னார். பதின்மூன்று வயதிலே பார்சிலோனா நகரத்துக் கடையொன்றில் இவ்விசைக்கோவைகளின் ஏட்டைக் கண்டெடுத்தவர் காசல்ஸ். பல்லாண்டுகள் தனிமையிற் பயின்ற பின்பே சபையில் வாசிக்கத் துணிந்தார். பதிவுசெய்ய இசைந்தபொழுது அறுபது வயதை நெருங்கிவிட்டார். 1936 முதல் 1939 வரை, சொந்த நாட்டிலே உள்நாட்டுப் போர் மூண்டெரிந்த காலத்தில், இலண்டனிலும் பாரிசிலும் ஆறு கோவைகளையும் பதிவுசெய்தார். அதன் பின்பு பிரான்சிய எல்லைப்புறத்துப் பிராட் என்னும் சிற்றூரில் அகதியாக வாழ்ந்தார். 1973இல் மறையும்வரை சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியிலிருந்த தம் நாட்டுக்கு அவர் குடியிருக்கத் திரும்பவில்லை. இதைக் கேட்ட பின்பு நாவற்குழிப் பாலத்தை நான் நினையாதிருக்க முடியவில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: இந்த வரலாற்றை அவர் முதலிலே சொல்லியிருந்தால் நான் வரலாற்றுக்காக மனமிரங்கியிருப்பேன், இசையைக் கேட்டிருக்கமாட்டேன்.

நேயர்களே, வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்டலும் பயிலவேண்டிய ஒன்றென்பது அதனாற் பெறப்படும். இன்று கைத்தொலைபேசியொன்றில் என் தந்தையாரின் பெட்டியைப்போல நூறு பெட்டிகளின் இசை அடங்கிவிடுகின்றது. தட்டு உடையும் என்ற அச்சமில்லை. சுமக்க முடியாதே என்ற கவலையுமில்லை. ஆனால் நமக்குப் பிடித்த பாட்டைப் பிறருக்கு அனுப்பிவைப்பது ஒன்று. அவர் பக்கத்தில் அமர்ந்து அவரோடு கேட்பது மற்றொன்று. முன்னையதில் நம் இரசனை அவருக்குத் தெரியவரும். பின்னையதில் அவருடைய செவி நமக்குக் கிடைக்கும்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வரும் வாரத்தில் ஒருநாள், உங்களுக்கு உயிரான ஓர் இசைத்தட்டையோ ஒலிப்பதிவையோ, அதை அறியாத ஒருவரோடு இருந்து கேளுங்கள். முன்னுரை வேண்டாம். முதல்முறை பிடிக்கவில்லை என்றால் வருந்தவேண்டாம். சில நாள் கழித்து மறுமுறை கேளுங்கள். அவர் தருவதையும் அவ்வாறே இருமுறை கேளுங்கள்.

தந்தையாரின் கொப்பியில் இறுதிப் பக்கங்கள் சில வெறுமையாகவே இருந்தன. அவற்றில் எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினேன். சென்ற சனிக்கிழமை எழுதினேன். திகதி இட்டேன். தோடி நாகசுரம் என்று எழுதினேன். கேட்டோர் என்னும் நிரலில் அடுத்த வீட்டாரின் பெயரை எழுதி, குறிப்பில் "ஆனையிறவு விளக்கு, இருமுறை" என்று சேர்த்தேன். இவ்வாரம் அவருடைய முறை. எந்தத் தட்டு என்று அவர் இன்னும் சொல்லவில்லை.