சாப்பாடு கொடுத்தார்கள், பிள்ளை சாப்பிட்டதா?

(சிறப்புக் கல்வி மாணவர்களின் பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் 1979 முதல் ஆர்.எம்.டி. எனும் கூடுதல் உணவுத் திட்டம் நடக்கிறது. ஏழை மாணவர்களோடு சிறப்புக் கல்வி மாணவர்களும் அதில் அடங்குவர். உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா? தட்டு வைத்தாயிற்று என்று கணக்கு எழுதுவார்கள். பிள்ளை சாப்பிட்டதா என்று பார்ப்பது யார்?

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சிற்றுண்டிச்சாலையின் இரைச்சலே பெரிய தொல்லை. சோற்றில் குழம்பு பட்டால் தொடாது. இதை அடம் என்று நினைத்து மிரட்டி ஊட்டினால், சாப்பாட்டின் மீதே பயம் வந்துவிடும். அமைதியான இடமும் பழகிய உணவும் கொடுத்தால் சாப்பிடும்.

மூளை வாதம் உள்ள பிள்ளைக்கு விழுங்குவது சிரமமாக இருக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அடிக்கடி புரையேறினால் டாக்டரிடம் காட்டுங்கள். உணவு நுரையீரலுக்குள் போவது ஆபத்து.

ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் பகலில் பசியைக் குறைக்கும். காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறாரக் கொடுங்கள். மாலையில் பசி திரும்பும்போது மறுபடியும் கொடுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

சிறப்புக் கல்வி வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகள் சிலவே. அதனால் நம் பிள்ளைகள் பலர் தேசியப் பள்ளிக்குப் போகிறார்கள். பேச்சு வராத பிள்ளை, "நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன்", "வயிறு வலிக்கிறது" என்று எப்படிச் சொல்லும்? அதன் வாயாக நாம்தான் இருக்க வேண்டும்.

எது சாப்பிடும், எது சாப்பிடாது, எப்படி ஊட்ட வேண்டும், என்ன மருந்து என்று ஒரே தாளில் மலாய் மொழியில் எழுதி வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் கொடுங்கள். நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கி வையுங்கள். எழுத வராதவர்கள் வெட்கப்பட வேண்டாம், நம் தோழர்கள் எழுதித் தருவார்கள்.

2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், 28-ஆவது பிரிவில், கட்டடம், பாடம் மட்டுமின்றிப் பிள்ளையின் தேவைக்கேற்ற மற்ற ஆதரவையும் கல்விக்கூடம் தரவேண்டும் என்கிறது. ஆனால் தராவிட்டால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் ஒரு தாய் தனியாகப் போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் அப்படி அனுப்ப முடியாது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதையே முதல் விஷயமாகக் கேளுங்கள். நம் பிள்ளைக்கு யாரும் தானம் செய்ய வேண்டாம். சேரவேண்டியது சேர்ந்தால் போதும்.